ஹெர் கிளாஸ்மானின் படங்கு

மழை வந்தால் என்னால் வீட்டில் இருக்க முடியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடங்களாகிவிட்டன. முழங்கால் இரண்டும் போய்விட்டன. இருந்தும் வானம் கறுத்தால் கால் தானாக வாசலுக்குப் போகிறது. யன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன், கைத்தொலைபேசியில் மேகப் படத்தைப் பார்க்கிறேன், பால்கனிக்குப் போய்க் கையை நீட்டிப் பார்க்கிறேன். "இஞ்சேருங்கோ, மழை உங்களைக் கேட்டுக்கொண்டே பெய்யுது? ஒரு இடத்தில இருங்கோவன்" என்று என் மனைவி தவமணி சத்தம் போடுவாள். பீலெஃபெல்டில் எங்கள் வீடு இரண்டாம் மாடியில் இருக்கிறது. நனைந்தால் கவலைப்படுவதற்கு இரண்டு பூச்சாடிகள்தான் உண்டு. அது எனக்கும் தெரியும்.

நான் ஒரு பேஸ்போல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டவன். ஜேர்மன்காரர் இந்த வேலையைப் பிளாட்ஸ்வார்ட் என்பார்கள். எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்துவதற்குள் தாவு தீர்ந்துவிடும். "அது கிரிக்கெட்தானே அண்ணை?" என்பார்கள். இல்லை என்பேன். "பின்னை என்னத்துக்கு அதுக்குப் போய் மினக்கெடுறியள்?" என்பார்கள். இதற்கு நான் இன்றுவரை ஒழுங்கான பதில் சொன்னதில்லை. போன இலையுதிர்காலத்தில் யூட்டா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால் இதை எழுதவும் மாட்டேன்.

யூட்டா என் பழைய முதலாளியின் மகள். மைதானமும் அணியும் இப்போது அவர் பொறுப்பில். தகப்பன் இறந்த பிறகு அவர் என்னோடு நல்ல முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. அப்படிப்பட்டவர் வந்து, தவமணி போட்ட தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, புல்லையெல்லாம் கிளறி எடுத்துவிட்டுச் செயற்கைப் புல் விரிக்க யோசிப்பதாகச் சொன்னார். பிறகு தகப்பன் கேட்பதுபோலவே, அவர் என்னிடம் கற்ற இரண்டு தமிழ்ச் சொற்களிலேயே கேட்டார்.

"ஓமா, ஏலாதா?"

கொஞ்சம் தவணை கேட்டேன்.

இனி முதலாளியைச் சொல்ல வேண்டும். ஹெர் கிளாஸ்மான் யன்னல் சட்டங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குச் சொந்தக்காரர். இந்த நாட்டில் விளையாட்டுக் கழகங்களுக்கு முதலாளி என்று ஒருவர் இருப்பது வழக்கமில்லை. ஆனால் நிலம் அவருடையது, செலவு அவருடையது, பைத்தியமும் அவருடையது. இளம் வயதில் இயந்திரம் வாங்க அமெரிக்கா போனவர் அங்கே ஒரு பேஸ்போல் ஆட்டம் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த புல்வெளியை மட்டமாக்கி ஓர் அணியை உண்டாக்கிவிட்டார். உதைபந்தாட்டம் தவிர வேறு ஆட்டம் தெரியாத ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

நான் அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு அவருடைய தொழிற்சாலையில் யன்னலுக்கு ரப்பர் பூட்டிக்கொண்டிருந்தவன். அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி, சான்றிதழ் எதுவும் இல்லை. இடைவேளையில் மற்றவர்கள் இருந்து பாண் சாப்பிடும்போது நான் தேத்தண்ணிக் கோப்பையோடு அந்த மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். இருப்பு எனக்கு எப்போதும் வராது. ஒருநாள் முதலாளி பின்னால் வந்து நின்றார். அவர் ஜேர்மன் மொழியில் சொன்னதை நான் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். வேறு தமிழ் எனக்கு வராது.

"பாலா, உங்களுக்கு ஏன் இருக்க ஏலாது?"

"தெரியாது ஹெர் கிளாஸ்மான்."

"நல்லது. எனக்கு அப்பிடி ஒரு ஆள் வேணும்."

ஒரு பனிக்காலம் முழுக்க என்னை ஒரு கோல்ப் மைதானத்துக்கு அனுப்பிப் புல்லும் மண்ணும் பழகவிட்டார். வசந்தத்தில் மைதானத்துக் கதவுத் திறப்பு என் கையில் இருந்தது. என் படிப்பு அவ்வளவுதான்.

அவருடைய குணத்தை எப்படிச் சொல்வது? ஒரு பருவத்தில், ஆட்டக்காரரின் முதுகில் அவரவர் பெயருக்குப் பதிலாக, அந்தச் சட்டையைத் தோய்த்துக் கொடுப்பவரின் பெயரைப் போட வைத்தார். பெரிய மீசைக்காரப் பந்தெறிவாளர் 'ஹில்டேகார்ட்' என்று தாயின் பெயரோடு நின்றார். தன் உடுப்பைத் தானே தோய்ப்பவர் மட்டும் தன் பெயரைப் போடலாம். அந்த வருடம் நாலைந்து பேர் தோய்க்கப் பழகினார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தானே வரிசையில் நின்று நுழைவுச்சீட்டு வாங்குவார். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் இருப்பார். பாதி ஆட்டத்தில் எழும்பி இன்னோர் இடம் போவார். நானும் அவரும் ஓரிடத்தில் இருக்க ஏலாத ஒரே வருத்தக்காரர் என்று அப்போதுதான் கண்டுகொண்டேன்.

மழைக்குப் பயன்படும் பெரிய படங்கு ஒன்று, தார்ப்பாய் போன்றது, எங்களிடம் இருந்தது. ஆட்டக்காரர் ஓடிச் சுற்றும் நாலு தளங்களுக்கும் நடுவிலுள்ள உள்மைதானத்து மண் முழுவதையும் மூடும் அளவு. வேறு கழகங்களில் அப்படி ஒன்றைக் காண முடியாது. பிரச்சினை என்னவென்றால் அதை இழுக்க ஆள் வேண்டும். நானும் ஆட்டக்காரர்களும் இழுத்து முடிக்கும் முன் மண் சேறாகிவிடும். பார்வையாளர்கள் குடை பிடித்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதற்குத் தீர்வு ஊன்ட்றொப்பில் கிடைத்தது. ஒவ்வொரு கோடையிலும் அங்குள்ள அம்மன் கோயில் தேருக்கு நான் விடுமுறை கேட்பேன். பருவத்தின் நடுவில் வரும் அந்த ஞாயிறு அவருக்குத் தொண்டையில் முள். "சொந்த மைதானத்து ஆட்டத்தை விடப் பெரிசா அங்க என்ன நடக்குது? நான் பார்க்க வேணும்" என்று ஒரு வருடம் தானும் வெளிக்கிட்டுவிட்டார். சப்பாத்தைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிட்டு, வெயிலில் கொதித்த தார் றோட்டில் வெறுங்காலோடு நின்றார். தேர் வந்தது. வடத்தைப் பிடித்திருந்தவர்களைக் காட்டி, ஆர் இவை என்று கேட்டார்.

"முன்னுக்கு நிக்கிறவர் டொக்டர். பக்கத்தில நிக்கிறவர் எங்கட தொழிற்சாலையில துப்புரவு செய்யிறவர். அங்கால நிக்கிறவரை எனக்குத் தெரியாது."

"இழுக்கிறவையை ஆர் தெரிவு செய்யிறது?"

"ஒருத்தரும் இல்லை. தேர் நகர வேணும் எண்டு நினைக்கிறவை பிடிக்கலாம்."

அவர் கூட்டத்துக்குள் புகுந்து வடத்தைப் பிடித்துவிட்டார். திங்கட்கிழமை உள்ளங்கால் பொக்களித்து நொண்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். அடுத்த ஆட்டத்தில் ஒலிவாங்கியை எடுத்து அறிவித்தார்: இனிமேல் மழை வந்தால் ஆட்டம் வேண்டும் என்று நினைக்கிற எல்லாரும் இறங்கிப் படங்கைப் பிடிக்க வேண்டும். பார்வையாளர், நடுவர், எதிரணி, முதலாளி, எல்லாரும்.

முதல் மழைக்கே இறங்கினார்கள். ஆனால் அவர் தேரை நினைத்துக்கொண்டு எல்லாரையும் முன்னுக்கு நிறுத்திவிட்டார். பக்க ஓரங்களைப் பிடிக்க ஒருவருமில்லை. அத்தனை பேரும் உற்சாகமாக இழுக்க, படங்கு உள்மைதானத்தைத் தாண்டிப் புல்லுக்குப் போய்விட்டது. காய்ந்திருக்க வேண்டிய மண் நனைந்துகொண்டிருந்தது, நனையலாம் என்றிருந்த புல்லை அழகாக மூடிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் படித்த ஜேர்மன் முழுவதும் பறந்துவிட்டது. "விடு! விடுங்கோடா விசரங்களே! இந்தப் பக்கம் வந்து இழு! இழு!" என்று தமிழில் கத்தினேன். ஆச்சரியம், எல்லாருக்கும் விளங்கியது. அன்றிலிருந்து அந்த மைதானத்தில் படங்குக்கு இரண்டு கட்டளைதான்: இழு, விடு. வயதான ஜேர்மன் பெண்களும் அதைத்தான் கத்தினார்கள். எதிரணிக்காரர் முதலில் சிரிப்பார்கள், பிறகு பிடிப்பார்கள்.

வேலையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். காற்று வரும் பக்கத்து ஓரத்தைத்தான் முதலில் இறக்கி, மண் மூட்டைகளை வைக்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. காற்று உள்ளே புகுந்தால் உடனே விட வேண்டும். வீரம் காட்டினால் தோள்மூட்டு போய்விடும். மழை விட்டதும் அவசரப்பட்டு எடுக்கவும் கூடாது, மேலே நிற்கும் தண்ணீரை முதலில் புல் பக்கம் நடத்திக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். பிறகு குதிக்காலை மண்ணில் ஊன்றி எடுத்து, அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். குழி காய்ந்தபடி இருந்தால் விளையாடலாம். கொஞ்சம் ஈரம் கசிந்தால் சுட்ட களிமண் துகளைத் தூவி வாரலாம். தண்ணீர் ஏறி வந்து நின்றால் அன்றைக்கு ஆட்டம் இல்லை.

இங்கேதான் அவருடைய மற்ற விதி வருகிறது. பேஸ்போலில் ஆட்டம் தொடங்கிய பிறகு மழையைப் பற்றித் தீர்மானிப்பவர் நடுவர். தொடங்கும்வரை அது சொந்த மைதானக்காரரின் பொறுப்பு. கிளாஸ்மான் தன் பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார். பயிற்சியாளர் குதித்தார். முதலாளி அசையவில்லை. என்னிடம் கற்றுக்கொண்ட இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, ஆட்டம் நடத்தலாமா என்று கேட்பார்: "ஓமா, ஏலாதா?" நான் சொன்னதும் தொப்பியை ஒருதரம் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார். ஏன் என்று கேட்டதே இல்லை. எனக்கு அதுதான் பயம். காரணம் கேட்டால் ஒரு காரணம் சொல்லித் தப்பிவிடலாம், கேட்காத மனுசனிடம் தப்ப வழியில்லை.

பிறகு அவருக்குப் புற்றுநோய் வந்தது. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வென்றால் அணி முதற் பிரிவில் நிற்கும். தோற்றால் இறங்கிவிடும். வைத்தியசாலையில் கெஞ்சிக் கேட்டதில் ஒரு பிற்பகல் வெளியே விட்டிருந்தார்கள். யூட்டாதான் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். கோட் தோளில் தொங்கியது, ஆள் பாதியாகியிருந்தார். அப்போதும் வரிசையில் நின்று சீட்டு வாங்கினார்.

காலையிலிருந்தே மழை. சனம் நன்றாகத்தான் இழுத்தது. அவரும் யூட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, மறு கையால் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றார். ஆனால் இடையில் ஒரு காற்று படங்கின் ஒரு மூலையைக் கிளப்பிவிட்டது. திரும்பவும் அமத்துவதற்குள் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் தண்ணீர் போய்விட்டது. மழை விட்டதும் குதிக்காலை ஊன்றினேன். தண்ணீர் ஏறியது. பஞ்சால் ஒற்றி, துகள் தூவி, வாரினேன். திரும்ப ஊன்றினேன். ஏறியது. மேல்மண்ணைக் கிளறி எடுத்துப் புதுமண் போட்டேன். ஆட்டக்காரர் ஓடிவந்து காலைத் திருப்பும் இடம் அது. அங்கே சறுக்கி முழங்கால் தசைநார் அறுந்து ஆட்டத்தையே விட்ட பையன்களை வேறு மைதானங்களில் கண்டிருக்கிறேன். திரும்ப ஊன்றினேன்.

யூட்டா மண்வெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "பாலா, அப்பாவுக்கு இனி வேற ஆட்டம் இல்லை. உங்களுக்கு விளங்குதுதானே?" என்றார். விளங்கியது. என் வாழ்க்கையில் எதுவும் அதைப்போல விளங்கியதில்லை. ஒரு நாட்டில் நிற்க இடம் தந்த மனுசன். என் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவர். அவருக்கு நான் கொடுக்கக்கூடியது ஒரு சொல், அதுவும் அவருக்குப் பிடித்த சொல்.

அவர் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஓமா, ஏலாதா?"

"ஏலாது" என்றேன்.

மண்ணைப் பார்த்தார். தொப்பியைத் தூக்கினார். பிறகு கேட்டார்: "அடுத்த கிழமைக்குக் காயுமோ?"

"காயும்."

"அப்ப சரி."

ஆட்டம் அடுத்த கிழமை என்று ஒலிவாங்கியில் தானே அறிவித்தார். எல்லாரும் நின்று சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். பிறகு நடந்ததுதான் கொடுமை. வெயில் எறித்தது. நல்ல, சுத்தமான பிற்பகல் வெயில். சனம் சொசேஜைக் கையில் வைத்துக்கொண்டு, பளிச்சென்று கிடந்த மைதானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. ஆறின கஞ்சியில் ஆடை படர்வதுபோல மேலே மட்டும்தான் காய்ந்திருந்தது. அதை ஒவ்வொருவருக்கும் காலைப் பிடித்து மண்ணில் ஊன்றிக் காட்டவா முடியும்? வீட்டுக்கு வந்தபோது தவமணிகூட, "ஓம் எண்டு சொல்லியிருக்கலாமேயப்பா" என்றாள்.

அடுத்த கிழமை மண் காய்ந்தது. ஆட்டம் நடந்தது. அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். ஆட்டத்திலும் தோற்றோம்.

செத்த வீட்டில் யூட்டா எனக்குக் கை கொடுத்தார், கண்ணைப் பார்க்கவில்லை. அதன்பிறகு வேலைக் காரியம் மட்டும்தான். நான் சொன்னது சரியா பிழையா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. ஒருவருக்கும் கால் முறியாத இடத்தில் முறிந்திருக்கும் என்று எப்படி நிரூபிப்பது? மழை வந்தால் நான் வீட்டில் இருக்க மாட்டாமல் நடப்பதற்கு இதுதான் காரணம். பூச்சாடிகள் அல்ல.

அந்த யூட்டாதான் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, தகப்பன் கேட்ட அதே கேள்வியை என்னிடம் கேட்டார்.

எனக்குப் பிறகு அந்த வேலையைப் பார்க்கும் மார்க்கோவிடம் போனேன். அவரும் ஐம்பதை எட்டும் மனுசன். இரண்டு பேரும் மைதானத்தை நடந்து பார்த்தோம். பக்கத்து மரங்களின் வேர் போய் நிலத்தடி வடிகால் குழாய்களை நெரித்திருந்தது. வெறும் தூறலுக்கே தண்ணீர் நிற்கிறது. கோடையில் எதிர்மாறு, புல் கருகிப்போகிறது, தண்ணீர் இறைக்கத் தடை வந்துவிடுகிறது. "நான் எவ்வளவு மாரடிக்கிறது பாலா? பாதி ஆட்டம் நடக்குதில்லை. பெடியள் வேற கழகத்துக்குப் போறாங்கள்" என்றார். குதிக்காலை ஊன்றினேன். இன்னோர் இடத்தில் ஊன்றினேன். எங்கே ஊன்றினாலும் ஏறியது.

பதில் அன்றைக்கே தெரிந்துவிட்டது. சொல்லத்தான் மனம் வரவில்லை. புல்லைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அது என் முழங்காலைத் தின்ற புல். செயற்கைப் புல்லில் தண்ணீர் வடிந்துவிடும், படங்கு தேவையில்லை. படங்கு இல்லையென்றால் ஒருவரும் இறங்க மாட்டார்கள். குடையை விரித்துக்கொண்டு அவரவர் இடத்தில் இருப்பார்கள். கிளாஸ்மான் விட்டுப்போனது கட்டடமோ கிண்ணமோ அல்ல, சனத்தை இருக்கையிலிருந்து எழுப்பிய அந்தக் காரியம் மட்டும்தான். அதை என் வாயாலேயே முடித்துவைக்க வேண்டுமா? பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் நடந்தேன். தவமணி எனக்குச் சத்தம் போடுவதையே விட்டுவிட்டாள்.

கடைசியில் யூட்டாவின் அலுவலகத்துக்குப் போய், நின்றபடியே சொன்னேன்: "ஓம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை வருடத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அண்டைக்கு நீங்கள் ஓம் எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சன். இண்டைக்கு ஏலாது எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சன். உங்களை என்னால விளங்கிக்கொள்ளவே ஏலாது பாலா."

"நிலத்தைப் பற்றித்தானே கேட்டனீங்கள்" என்றேன். "அவரும் அதைத்தான் கேட்டவர்."

அவர் அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நானும் அழுதேன். பிறகு இரண்டு பேரும் வெட்கப்பட்டுக்கொண்டு கோப்பி குடித்தோம்.

புதுப் புல்லில் முதல் ஆட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். தவமணியும் வந்தாள். கண் கூசும் பச்சை. முன்னால் இருந்து பார்த்தேன், பின்னால் போனேன், பக்கவாட்டில் போய் நின்றேன். எங்கிருந்து பார்த்தாலும் அது எனக்குப் பிடிக்கவில்லை. படங்கை வெட்டிக் கழித்துவிட்டதாக மார்க்கோ சொன்னார். ஆட்டம் தொடங்கச் சற்று முன் வானம் கறுத்தது. மழை பிடித்துக்கொண்டது.

தண்ணீர் பச்சைக்குள் இறங்கி மறைந்தது. நான் பயந்த மாதிரியே குடைகள் விரிந்தன. நான் நடக்கத் தொடங்கினேன். "இப்ப இருங்கோ பாப்பம்" என்றாள் தவமணி. இருந்தேன்.

அந்த மைதானத்தில் மண் மிச்சமிருந்தது இரண்டே இடத்தில்தான்: நடுவில் பந்தெறிபவர் நிற்கும் மேடும், அடிப்பவர் நிற்கும் வட்டமும். மேட்டை மூட, பழைய படங்கில் வெட்டியெடுத்த ஒரு துண்டை மார்க்கோ தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு சின்னக் குடும்பம் பாயாக விரித்துப் படுக்கலாம், அவ்வளவுதான். நாலு பேர் போதும். அவர் ஒருவரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. பார்வையாளர் பக்கத்திலிருந்து யாரோ ஒரு கிழவி "இழு!" என்று கத்தினாள்.

குடைகள் மடங்கின. ஒரு வரிசை இறங்கியது. பிறகு அடுத்தது. எதிரணிக்காரர் ஒன்றும் விளங்காமல் பார்த்துவிட்டு அவர்களும் வந்தார்கள். நடுவர் வந்தார். யூட்டா நல்ல சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். நாலு பேர் பிடிக்க வேண்டிய துண்டைச் சுற்றி ஒரு திருவிழாவே நின்றது. ஒருவர் கைமேல் ஒருவர் கை வைத்து இழுத்தார்கள். தேவையே இல்லாமல் இழுத்தார்கள்.

நானும் எழும்பி, முழங்காலைத் திட்டிக்கொண்டு இறங்கிப் போனேன். இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன், இரண்டு தரம் சுற்றி வந்தேன். பிடிக்க எனக்கு ஓர் ஓரம் கிடைக்கவில்லை. "விசர்ச் சனம்" என்று சத்தமாகவே சொன்னேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோசம். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், இரண்டு கையும் சும்மா தொங்க, மழைக்குள் ஒரே இடத்தில் நின்றேன்.